மேட்டுக்காரரின் வடிகால்

மூன்றடி ஆழத்தில் மண்வெட்டி இறங்கியதுமே குழிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. குழி வெட்டுகிறவர் நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேலே நின்றவர்களைப் பார்த்தார். நாலு பக்கத்திலிருந்தும் கசிந்து வந்த தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வாளி இருக்கு. மொண்டு ஊத்திடலாம்," என்றான் செத்தவரின் மகன். அவன் அக்கா பக்கத்தில் நின்றாள்.

"மொள்ள மொள்ள வரும் தம்பி. ஆத்தோர மண்ணு இது. நீங்க ஒரு வாளி எடுத்தா அது ரெண்டு வாளி குடுக்கும். அவ்வளவு தாராளம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குழியின் ஒரு பக்கச் சுவர் அப்படியே வழுக்கி உள்ளே இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பாத்திரத்திலிருந்து மாவு சரிவது போலச் சரிந்து அவர் முழங்காலை மூடியது. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, விளிம்பைப் பிடித்துப் பதறி மேலே ஏறினார். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முந்தாநாள் காலை அவர்கள் அப்பா செத்ததும் இப்படித்தான். தன் வயலில் தானே வெட்டிய வடிகாலுக்குள், நின்ற வாக்கில், மண் மூடிச் செத்தார்.

நேற்று வெட்டிய குழி ராத்திரியோடு தூர்ந்துபோனது. இது இரண்டாவது. குழி தயாராகிவிடும் என்று நம்பிப் பதினோரு மணிக்கே பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வண்டி இடுகாட்டு வாசல் பக்கம் வெயிலில் நின்றது. அதன் நிழலில் போட்ட நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஆழம் தெரியாம கால விட்டுட்டான்," என்றார் பெரியப்பா, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "சின்ன வயசுலேருந்தே அவன் புடிச்ச முயலுக்கு மூணே காலு. யாரு சொல்லியாவது கேட்டிருக்கானா?"

"தனியா எறங்காதீங்கன்னு நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்," என்றாள் அம்மா. "இடிச்ச புளி மாதிரி நின்னு கேட்டுக்கிட்டு, மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு."

இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சுதான். பிடிவாதம்தான் ஆளைக் கொன்றது என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மகள் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவுக்கு ஆழம் தெரியும். அங்குலக் கணக்கில் தெரியும். அதைச் சொன்னதே அவள்தான்.

மேட்டுக்காரர் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். வெள்ளம் எட்டுகிற அந்தச் சமவெளியில் அவர் வயல்தான் இருப்பதிலேயே பள்ளம். வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான், கடைசியாக வடிவதும் அங்கேதான். ஆனால் யார் கேட்டாலும், "நம்மது கொஞ்சம் மேடு" என்பார். சிரித்துச் சிரித்து ஊர் அதையே அவருக்குப் பட்டமாகக் கட்டிவிட்டது. மகள் மண் ஆய்வு அலுவலகத்தில் சேர்ந்து அந்தச் சமவெளிக்கு வரைபடம் போட்டபோது, அப்பாவின் வயலுக்குச் சாம்பல் வண்ணம் பூசி, 'வடிகால் மிக மோசம்' என்று ஓரத்தில் எழுதியும் வைத்தாள். அவர் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

அந்த வண்டலை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். மேலே ஒரு சாண் பழுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், சாம்பலில் ஆங்காங்கே துருப் புள்ளிகள். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் தேங்கிக் காற்றே புகாத மண்ணுக்கு அந்த நிறம்தான் வரும். விரலில் தேய்த்தால் மாவு போல வழவழக்கும். மழை அடித்து வெயில் காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொண்டு முளையை வெளியே விடாது. ஈரத்தோடு டிராக்டரை இறக்கினால் இறுகிப்போகும். இறக்காமல் விட்டால் அழுகல் நாற்றம் எடுக்கும். இதையெல்லாம் அவள் இருபது வருஷம் சொல்லிப் பார்த்தாள். "என் மண்ணப் பத்தி எனக்கே பாடமா?" என்று எழுந்து போய்விடுவார்.

போன மாதம் வந்திருந்தபோது அவள் வாதாடவில்லை. வயலில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கி, வேரை அவர் கையில் கொடுத்தாள். ஒரு அடி நேராக இறங்கிய வேர், அதற்கு மேல் போக மாட்டேன் என்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அத்தனை வருஷ வீம்பையும் கீழே வைத்துவிட்டு, "சரி, சொல்லு. எவ்வளவு ஆழம் வெட்டணும்?" என்றார்.

"அஞ்சடி."

அவ்வளவுதான் சொன்னாள். இந்த மண்ணில் சுவரை நேராக நிறுத்தக் கூடாது, சாய்த்துத்தான் வெட்ட வேண்டும், ஐந்தடி ஆழத்துக்கு மேலே வாய் பதினைந்தடிக்குக் குறையாமல் விரிய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அலுவலகத்துக்கு வருகிற விவசாயிகளுக்கு அதைத்தான் முதலில் சொல்வாள். ஆனால் பதினைந்தடி என்றால் வயலில் ஒரு பட்டையே போய்விடும். வரப்பில் ஒரு விரற்கடையை விட்டுக்கொடுக்காத மனுஷன். அதைக் கேட்டால் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடுவார் என்று பயந்தாள். எப்படியும் அடுத்த மாதம்தானே ஆரம்பிப்பார், பக்கத்தில் நின்று பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்திருந்தாள், அதை அன்றைக்கே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவரோ அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிட்டார். முடித்துக் காட்டி அவளை அசத்த வேண்டுமாம், அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கட்டளை.

"நான் இனி எறங்க மாட்டேங்க," என்றார் குழி வெட்டுகிறவர். "என்னத் தப்பா நெனைக்காதீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"அப்ப வண்டியத் திருப்பிக்கிட்டுப் போறதா?" என்றான் தம்பி. "எங்க கொண்டுபோய் வெக்கிறது அவர?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியின் ஓரத்துக்கு வந்தாள். பேசும்போது தன் குரல் அலுவலகத்தில் பேசுகிற குரலாகவே இருந்தது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நேரா வெட்டாதீங்க. வாய நல்லா அகலப்படுத்துங்க. ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடின்னு ரெண்டு பக்கமும் சாய்ச்சுக்கிட்டே வாங்க. அள்ளுற மண்ண ஓரத்துல குவிக்காதீங்க, தள்ளிக் கொட்டுங்க. நாலடி போதும். ஒரு மூலைல மட்டும் சின்னதா பள்ளம் பறிச்சா தண்ணி அங்க போய் சேரும், அங்கேருந்து மொண்டுக்கலாம்."

குழி வெட்டுகிறவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். தம்பியும் இன்னொரு ஆளும் மண்வெட்டி எடுத்தார்கள். முதலில் மேலே நின்றபடியே விளிம்பைச் சரித்தார்கள். பிறகு மெல்ல இறங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் மூலைக்குப் போனது, வாளி வாளியாக வெளியே வந்தது. சுவர் நின்றது. ஓரிடத்தில்கூட ஒரு கட்டி உருளவில்லை.

"அட, நிக்குதே!" குழி வெட்டுகிறவர் சாய்வைக் காலால் மிதித்துப் பார்த்தார். அவருக்கு விவரம் தெரியாது. மனசில் பட்டதைச் சொன்னார். "இதே மாதிரி வெட்டியிருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு வீட்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு."

வண்டி நிழலிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். குழியைப் பார்த்தாள். ஓரம் ஓரமாகச் சுற்றி வந்து, மகளுக்கு எதிரே நின்றாள்.

"இப்படி வெட்டணும்னு உனக்கு எப்பவுமே தெரியுமா?"

"தெரியும்மா."

"அவ சொல்லாமலா இருந்திருப்பா?" என்றார் பெரியப்பா. "அவன் காதுல வாங்கியிருக்க மாட்டான்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா, நீ சொல்லியிருப்ப. அவருதான் கேட்டிருக்க மாட்டாரு. அப்படித்தான?"

தலையை ஆட்டினால் போதும். செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. அவர் பிடிவாதத்தைப் பற்றி ஊரே ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது, அதில் இன்னொரு வரி சேர்ந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மாவின் முகம் அவளைக் கெஞ்சுவது போலக்கூட இருந்தது. ஆனால் அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இன்னொருத்தர் பேச்சைக் கேட்டிருக்கிறார். அதையும் இல்லை என்று ஆக்கி அவரைப் புதைக்க அவளால் முடியவில்லை.

"நான் சொல்லலம்மா."

"என்ன சொல்லல?"

"ஆழம் மட்டும்தான் சொன்னேன். சாய்வு சொல்லல. நெலம் போகுதேன்னு வெட்டாம விட்டுருவாரோன்னு... அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. கேட்டதைச் சரிபார்த்துக்கொள்பவள் போல இரண்டு மூன்று தடவை தலையை அசைத்தாள். பிறகு திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி குழிக்குள் நின்றபடி அக்காவை அண்ணாந்து பார்த்தான். அவள் அவனைப் பார்த்ததும் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டான்.

பெட்டியை இறக்கினார்கள். அடியில் விரல் அளவு தண்ணீர் இருந்தது, அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். ஈர மண் கையை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டது, உதறி உதறிப் போட வேண்டியிருந்தது. அவள் முறை வந்தபோது பின்னால் நின்றவர்கள் சற்று விலகி வழி விட்டார்கள். காலையில் அவளுக்கு இருபுறமும் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தையும் சித்தியும் இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் கைகால் கழுவினார்கள். யாரோ காபி போட்டுக் கொடுத்தார்கள், அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது. சமையலறையில் அம்மா மட்டும் இருந்த நேரம் பார்த்து அவள் உள்ளே போய் நின்றாள். திட்டட்டும், அறையட்டும் என்றுதான் போனாள். அம்மா ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் காலைல டேப்பத் தேடினாரு," என்றாள் அம்மா, திரும்பாமல். "எதுக்கு இந்நேரத்துல டேப்புன்னு கேட்டேன். வெட்டி முடிச்சாச்சு, எறங்கி அளந்து பாத்துட்டு வந்துடறேன், ரெண்டு அங்குலம் கொறஞ்சாலும் அவ கண்டுபுடிச்சுருவான்னாரு."

அவள் காத்திருந்தாள். அம்மா குழாயை மூடிவிட்டு அவளைக் கடந்து கூடத்துக்குப் போனாள். அங்கே தம்பி நகர்ந்து உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் கொடுப்பது கதவு வழியாகத் தெரிந்தது. நெஞ்சு வெடித்து அப்படியே செத்துப்போனால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அப்படியெல்லாம் யாரும் செத்துவிடுவதில்லை என்பதும் தெரிந்திருந்தது. பின்கதவு வழியாக இறங்கி வயலை நோக்கி நடந்தாள்.

வடிகால் வயலின் தாழ்ந்த மூலையிலிருந்து ஆற்றுப் பக்கமாகப் போனது. கடைசி நாற்பதடியில் சுவர்கள் அப்பா வெட்டியபடியே நேராக, மண்வெட்டி பட்ட தடத்தோடு நின்றன. அவரை எடுத்த இடத்தில் மட்டும் அப்படி இல்லை. ஊர் ஆட்கள் பயந்து பயந்து வெளியிலிருந்தே தோண்டி, இரண்டு கரையையும் வெகுதூரம் சாய்த்து உடைத்திருந்தார்கள். அங்கே மேல்வாய் பதினைந்தடிக்குக் குறையாது.

அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய ஓட்டம்தான், ஆனால் நிற்காமல் ஓடியது. எந்த மாதத்திலும் தண்ணீர் விலகாத அந்த மூலையில் தரை வெளியே வந்திருந்தது. சாம்பல் நிறத் தரை ஓரத்தில் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போகவில்லை.