நலம் விசாரிச்ச மெஷின்

என் குரலப் பத்தி நானே பெருமையடிக்கிறேன்னு நினைக்காதீங்க. நினைச்சாலும் பரவாயில்ல. வேடசந்தூர் ரோட்டுல ஒரு நூல் மில்லு. அதுல டெலிபோன் ஆபரேட்டரா இருந்தவ நான், ரூபி. பஞ்சு வியாபாரி, லாரிக்காரர், லீவு சொல்ற தொழிலாளி வீட்டம்மா, யாரு கூப்பிட்டாலும் "வணக்கம், நல்லாருக்கீங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் விசயத்துக்கு வருவேன்.

தொண்ணூத்தேழுல ஆண்டனிராஜ்னு புது மேனேஜர் வந்தாரு. தங்கமான மனுசன்தான், ஆனா எதுலயும் அவசரம். சிங்கப்பூர்ல இருந்து ஒரு மெஷின வரவழைச்சு என் மேசையில வச்சாரு. ஆளில்லாத நேரம் போன் வந்தா அதுவே எடுத்துப் பேசும், கூப்பிட்டவுக சொல்றத டேப்புல பதிஞ்சு வைக்கும்.

"மொதல்ல ஞாயித்துக்கிழமைக்கு வச்சுப் பாப்போம் ரூபி. சரியா வந்துச்சுன்னா பகலுக்கும் இதுதான். ஒன்னைய பேக்கிங் பக்கம் மாத்திவிடுறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பேக்கிங் வேலை ஒண்ணும் கேவலமில்ல. ஆனா அந்த நாற்காலி என்னோடது. எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துச்சு.

மெஷினுக்குள்ள அவரே இங்கிலீசுல பேசி வச்சாரு. திங்கக்கிழமை டேப்பப் போட்டா, முக்காவாசிப் பேரு டொக்கு டொக்குன்னு வச்சிருக்காக. ஒரு ஆளு, "ஏலே, எவனோ இங்கிலீசுல வையிறான்லே"ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொல்லிட்டு வச்சுட்டான். இன்னொருத்தரு, "நான்தான் பேசுறேன், அப்புறம் வாரேன்"ங்கிறாரு. ஒரு பொம்பள, "அவுகளுக்குக் காச்சலு, ஷிப்டுக்கு வரமாட்டாக"ங்கிறா. எவுக? எங்க பக்கம் பொம்பளைக புருசன் பேரச் சொல்ல மாட்டாக. மில்லு பூரா அவுகதான்.

"பேரச் சொல்லணும்கிற மேனர்ஸ் கூடத் தெரியலையே இவங்களுக்கு"ன்னு மேனேஜர் தலையில கைய வச்சாரு.

எனக்குப் பொறுக்கல. "மேனர்ஸ் இல்லாதது மெஷினுக்குத்தான் சார். வந்தவுகள வாங்கன்னு சொல்லாம, பேரென்ன, என்ன வேணும்னு கேட்டா எவுக வாயத் தொறப்பாக?"

"அப்ப நீயே பேசிக் குடு"ன்னுட்டாரு.

நல்லாப் பேசிக் குடுத்தா மெஷின் ஜெயிச்சுரும், என் நாற்காலி போயிரும். கணக்குப் பாக்குற டெய்சி என் காதுல, "கூறுகெட்டவளே, இருமிக்கிட்டே பேசி வையி"ன்னா. அதெப்படி? என் வாயில இருந்து அரைகுறையா ஒண்ணு வர்றதா? வேலை போனாலும் போகட்டும், என் குரலக் கேட்டு ஒருத்தரு முகஞ்சுளிக்கக் கூடாது. தண்ணி குடிச்சுட்டு, நிமுந்து உக்காந்து பேசினேன்.

"வணக்கம், ரூபி பேசுறேன். நல்லாருக்கீங்களா?" இங்க அவுக பதில் சொல்ல செத்த நேரம் விட்டேன். "இன்னைக்கு ஆபீஸ் லீவு. நீங்க சொல்றத நாளைக்குக் காலையில கேட்டுருவேன். இப்ப கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். வந்ததும் ஊரு, பேரு, சேதி, போன் நம்பர் எல்லாம் நிதானமாச் சொல்லுங்க. வீட்டுக்காரர் பேரு வேண்டாம், மில்லுல அவருக்குக் குடுத்த டோக்கன் நம்பரச் சொன்னாப் போதும்."

அடுத்த திங்கக்கிழமை டேப்பப் போட்டா, சும்மா சொல்லக்கூடாது, ஒருத்தரு விடாம அழகாப் பேசியிருக்காக. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருத்தரு, "ஏனுங்க, லாரி நாளைக்கு வந்துருமுங்க"ன்னு வண்டி நம்பரோட சொல்லியிருக்காரு. மேனேஜருக்கு உச்சி குளுந்துபோச்சு. "ஒண்ணாந் தேதியில இருந்து பகலுக்கும் இதையே போட்டுறலாம்"னாரு. அழுகைய அடக்கிக்கிட்டு டேப்ப ஓடவிட்டேன்.

கடைசியா ரெண்டு சேதி. "வேடசந்தூர் ஒச்சம்மா பேசுறேன். டோக்கன் நூத்திப் பதினாலு. காச்சலு, ரெண்டு நாளைக்கு வரமாட்டாக." அம்புட்டுத்தான், சுருக்கமாச் சொல்லி வச்சிருக்கு.

அடுத்ததும் அதே குரல்.

"பாப்பா, ஒச்சம்மாதான். நல்லாருக்கீங்களான்னு அம்புட்டுப் பிரியமாக் கேட்ட. நான் பாட்டுக்கு என் சேதியச் சொல்லிட்டு வச்சுட்டேன். ரோட்டுக்கு வந்தப்புறந்தான் மனசுக்குச் சங்கடமாப் போச்சு. அதான் இன்னொரு ரூபா போட்டுக் கூப்புடுறேன். நீ நல்லாருக்கியா பாப்பா?"

பேசி முடிச்சும் போன வைக்கல. டேப்பு ஓடுது. பஸ் ஹாரன் கேக்குது, அந்தம்மா மூச்சு விடுறது கேக்குது. பதிலுக்கு நிக்கிது.

"பாப்பா?"ன்னு இன்னொரு தரம் கேட்டுச்சு. அப்புறம் கட்டாயிருச்சு.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அம்புட்டுப் பெருமையாவும் இருந்துச்சு. மேனேஜர் மெஷினயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"பகலுக்கு இது வேண்டாம் ரூபி"ன்னாரு. "கேட்டா பதில் சொல்ல ஆளு வேணும்ல."

மத்தியான ஷிப்டு முடிஞ்சு வேடசந்தூர் போற மில்லு பஸ்ஸுல நல்லுசாமி ஏறினாரு. ஒச்சம்மாக்காவுக்குப் பக்கத்து வீடு. நான் நல்லாருக்கேன்னு சொல்லச் சொல்லி விட்டேன். பஸ்ஸு கெளம்புறப்ப மேனேஜர் ஆபீஸ்ல இருந்து எறங்கி வந்து சன்னலத் தட்டினாரு.

"அவங்க வீட்டுக்காரருக்குக் காச்சல் எப்படியிருக்குன்னு நானும் கேட்டேன்னு சொல்லுங்க"ன்னாரு.