பார்த்தவர் பெயர்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். துண்டைப் பிழிந்து பால்கனிக் கொடியில் விரித்து இரண்டு கிளிப் மாட்டினான். டீயை நின்றபடியே குடித்தான். கேஸை மூடியாயிற்றா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினான். நாலு மாதமாக இப்படித்தான். யாராவது "எப்படிப்பா இருக்க?" என்றால் "இருக்கேன்" என்பான். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

அன்று செயல்விளக்கம். கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் மிதக்கும் மஞ்சள் இயந்திரம், அலையில் ஏறி இறங்கியே மின்சாரம் எடுப்பது. அதை எட்டு விருந்தினருக்குப் படகிலிருந்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுவது அவன் வேலை. சாவி அவன் கழுத்தில். கிளம்பும்போது அது தண்ணீருக்கடியில் உறுமுகிற உறுமலில் பக்கத்தில் இருக்கும் டால்பினுக்குக் காது போய்விடும். அதனால் கிளப்புமுன் அரை மணி நேரம் ஒருவர் கடலையே பார்த்திருக்க வேண்டும். ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இந்த நிபந்தனையின் பேரில்தான் அனுமதியே கிடைத்தது. அந்தப் பார்க்கிற வேலை அவன் மனைவியுடையது. இயந்திரத்துக்கு 'எருமை' என்று பேர் வைத்ததும் அவள்தான். "கடல்ல யாரும் இல்ல, எருமைய எழுப்பலாம்" என்று படகிலிருந்து ஒயர்லெஸ்ஸில் சொல்வாள். கரை அறையில் இவன் சாவியைத் திருப்புவான். நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை, படகுத்துறைப் படியில் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கண் திறக்கவே இல்லை.

படகு எருமைக்கு அருகில் போய் நின்றதும் மேலாளர் ஃபைலை நீட்டினார். "ஒரு கையெழுத்து போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணிடுப்பா. எல்லாரும் காத்திருக்காங்க."

வழக்கம்போல் அடியில் கையெழுத்துப் போடப் போனவன், அன்று எதற்கோ மேல் வரியைப் பார்த்தான். 'ஒன்பது பத்து முதல் ஒன்பது நாற்பது வரை பார்க்கப்பட்டது. டால்பின் இல்லை.' கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது பதினைந்து. அதற்குக் கீழே, 'பார்த்தவர்' என்ற கட்டத்தில், அவள் பெயர்.

"சார், இது என்ன?"

மேலாளர் எட்டிப் பார்த்தார். "அடடா. பழைய ஃபார்மையே காப்பி எடுத்து தேதிய மட்டும் மாத்தறாங்க. பேர மாத்தல போல. சின்ன விஷயம், விடு."

அவன் தாள்களைப் புரட்டினான். பதினேழு. அவள் போன பிறகு பதினேழு தடவை அவள் இந்தக் கடலைப் பார்த்திருக்கிறாள். பதினேழிலும் அடியில் இவன் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் படகிலிருந்து "எல்லாம் ஓகே" என்று யாரோ சொன்னார்கள். இவன் சாவியைத் திருப்பினான். ஒரு தடவைகூட அந்த வரியைப் படிக்கவில்லை. நாலு மாதத்தில் உடம்பில் சூடு என்று ஒன்று தெரிந்தது அப்போதுதான்.

"யாரு சார் பார்த்தா, பதினேழு வாட்டியும்?"

"மெதுவாப் பேசுப்பா. புது ஆள் போட இன்னும் ஆர்டர் வரல."

அன்றைய தாளை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தான். பைனாகுலரை எடுத்துக்கொண்டு படகின் முனைக்குப் போனான். "நான் பாக்கறேன். அரை மணி நேரம்."

"உனக்கென்ன பைத்தியமா? சாவியக் குடு."

"கடல்ல போட்டுடுவேன் சார். பக்கத்துல வராதீங்க."

படகுக்காரர் புகையிலையைத் துப்பாமல் அடக்கிக்கொண்டு சொன்னார்: "நங்கூரத்தப் போட்டுடறேன் தம்பி. இது இப்போதைக்குக் கிளம்பாது."

"உங்களக் கேட்டாங்களா?" என்று மேலாளர் அவர்மேல் பாய்ந்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு விருந்தினர் பக்கம் திரும்பினார். அவர் குரலில் தேன் வடிந்தது. "நாங்க இவ்வளவு கவனமா இருக்கக் காரணமே இவரோட மனைவிதான். இந்த வேலைக்காகவே வாழ்ந்த பொண்ணு. கடைசியாக்கூட 'கடலப் பத்திரமாப் பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்க." யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் போன் எடுத்து இவன் முதுகைப் படம் பிடித்தார்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான். கண் கூசியது. அலை, அலை, மஞ்சள் எருமை, அலை. இருபத்தாறாவது நிமிடத்தில் எருமைக்கு இருநூறு அடி தள்ளி ஒரு துடுப்பு எழுந்து முங்கியது. அதை ஒட்டினாற்போல் இன்னொன்று, கையகலம்தான் இருக்கும்.

"குட்டியோட வந்திருக்கு" என்றார் படகுக்காரர்.

"மறுபடி முதல்லேருந்து" என்று அவன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

மேலாளர் காதருகே வந்து சீறினார். "அவ இருந்திருந்தாக்கூட இப்படி என் மானத்த வாங்கியிருக்கமாட்டா."

"அவ இருந்திருந்தா உங்கள இந்நேரம் தண்ணியில தள்ளியிருப்பா."

வெயில் ஏறியது. விருந்தினரில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஓர் அம்மாள் மட்டும் கம்பியைப் பிடித்தபடி முனைக்கு வந்து அவனருகே நின்றார். கொஞ்ச நேரம் அவரும் கடலைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "கடைசியா அதத்தான் சொன்னாங்களாப்பா?"

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அவன் சொன்னான்.

"இல்லம்மா. காலையில வேலைக்குக் கிளம்பறப்ப, வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னா. 'ஈரத் துண்டக் கட்டில்மேல போடாதன்னு எத்தன வாட்டிடா சொல்றது?'"