அலமாரிக்குள் வாடாத செடி

எட்டாம் நாள் அலமாரியைத் திறந்தபோது அவரைச் செடி பச்சைப்பசேலென்று நின்றது. நான்காம் வகுப்பு டீச்சருக்கு வயிறு எரிந்தது. செடி செழித்ததற்காக வயிறெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

பாடம் எளிமையானதுதான். இலைதான் செடிக்குச் சமையலறை, வெயில்தான் அடுப்பு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு தொட்டியை ஜன்னலில் வைத்தாள், இன்னொன்றை இரும்பு அலமாரிக்குள் பூட்டினாள். வெளிச்சம் படாத செடி வெளுக்க வேண்டும். ஐந்தாம் நாள் வரை ஒழுங்காக வெளுத்துக்கொண்டும் வந்தது. இப்போது என்னடாவென்றால் ஜன்னல் செடியைவிட இதுதான் மினுமினுக்கிறது. யாரோ திருட்டுத்தனமாக வெயில் காட்டியிருக்கிறார்கள்.

சந்தேகமெல்லாம் இரண்டாவது பெஞ்சு ரெட்டைச் சடைக்காரி மேல்தான். பூட்டிய அன்றே, "பாவம் டீச்சர், பட்டினியா கெடக்குமே" என்று அழுதவள். சாவியோ டீச்சரின் கைப்பையில், கைப்பை எந்நேரமும் மேசை மேல். அந்தப் பெண்ணின் கண் எந்நேரமும் அலமாரி மேல். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மதிய இடைவேளையில் டீச்சர் டீ குடிக்கப் போகாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. நினைத்த மாதிரியே ரெட்டைச் சடை வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. அலமாரி இடுக்கில் கண்ணை வைத்தது.

"மாட்டிக்கிட்டியா! எத்தனை நாளா வெளிய எடுத்து வெக்கிற?"

"நான் எடுக்கல டீச்சர். அது நம்ம செடியே இல்ல. நம்ம செடியில கீழ் இலை ஓட்டையா இருந்துச்சு. இதுல ஓட்டையே இல்ல."

"கதை விடாத."

மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்ததும் அவளைக் கரும்பலகைப் பக்கம் நிறுத்தினாள். "நம்ம பரிசோதனையக் கெடுத்த மகராசி இவதான்."

"திருடி! திருடி!" என்று முப்பது பிள்ளைகளும் கத்தினார்கள். அந்தப் பெண்ணின் காது சிவந்தது. அழவில்லை. அதையும் நெஞ்சழுத்தம் என்றே டீச்சர் எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்து, டீச்சரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மேலதிகாரி வர்றாரும்மா. அலமாரியத் திறந்தா வெளிறிப்போன செடி தொங்குது! பள்ளிக்கூடத்து மானம் என்னாகும்? அதான் என்கிட்ட இருக்கிற சாவியப் போட்டு, நல்லதா ஒண்ணு மாத்தி வெச்சிட்டேன். புள்ளைங்க காதுல போட்டுடாதீங்க" என்று நன்றியை எதிர்பார்த்துச் சிரித்தார்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் இவர் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது. உள்ளே வந்தாள்.

"சரி, போய் உக்காரும்மா."

அந்தப் பெண் நகரவில்லை. "நான் எடுக்கலன்னு தெரிஞ்சிடுச்சா டீச்சர்?"

"ம்."

"அப்ப அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்கதானே திருடின்னு கத்துனாங்க."

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "இவ சொன்னதுதான் சரி. யாரோ செடிய மாத்தியிருக்காங்க. அதை நம்மள்ல கண்டுபிடிச்சது இவ ஒருத்திதான். தீர விசாரிக்காம இவள நிக்க வெச்சது என் தப்பு."

"அப்ப மாத்துனது யாரு டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

தலைமையாசிரியர் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்களே சொல்லிடுறீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"