அர்ச்சனாவின் தண்ணீர்

கோட்டைக்குப்பத்து அர்ச்சனா அழுதால் கண்ணீர் அவள் கண்ணில் வராது. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பெண்களின் போன்களிலிருந்து வரும். சார்ஜர் சொருகுகிற ஓட்டையில் முதலில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, பிறகு நூலாக இழுத்து, அரை டம்ளர் நிறைந்ததும் நின்றுவிடும். போனுக்கு ஒன்றும் ஆகாது. பழவேற்காட்டு ரிப்பேர் கடைக்காரர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கிறது, இதில் நான் பார்க்க ஒன்றுமில்லை என்று திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் ஏரியில் இறால் குறைவு, நண்டு பரவாயில்லை.

இந்தப் பெண்கள் அனேகமாக ஒருவரையொருவர் நேரில் பார்த்தவர்கள் இல்லை. பழவேற்காடு கடைத்தெருவில் வளையலும் பொட்டும் விற்கிற ஐஸ்வர்யா, எந்தக் கரையில் மீன் என்ன விலை என்று தெரிந்துகொள்ள வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். விலை போடுகிற வேலை சீக்கிரமே ஓய்ந்துபோனது. யாருக்குத் தலைவலி, யார் வீட்டில் சண்டை, யாருக்கு இன்றைக்குக் காரணமே இல்லாமல் சந்தோஷம் என்பதெல்லாம் வரத் தொடங்கியது. குழுவின் பெயரை ஐஸ்வர்யா 'இன்னிக்கு இன்னா' என்று மாற்றினாள். காலையில் அடுப்பு மூட்டியதும் ஆளுக்கு ஒரு மஞ்சள் மூஞ்சி போட்டுவிட வேண்டும், சிரிப்போ, கடுப்போ, கொட்டாவியோ. வடக்கே ஒரு குப்பத்தில் கருவாடு போடும் செல்வம்மாள் தினமும் கோபமூஞ்சிதான் போடுவாள். அவள் சிரித்தமூஞ்சி போட்ட ஒரே நாளில், போன் தொலைந்துவிட்டதா, வேறு யாராவது எடுத்துவிட்டார்களா என்று எல்லோரும் பதறிப்போய் விசாரித்தார்கள்.

மேற்குக் கரை ராஜாத்தி இந்தக் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள். அவளுடைய ஜனம் வலை போடுவதில்லை. மார்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். ராஜாத்திக்கு எழுதத் தெரியாது என்பதால் பேசித்தான் அனுப்புவாள். "நான் ராஜாத்தி பேசறேன். கையெல்லாம் முள்ளு குத்திக்கிச்சி," என்று அவள் முதன்முதலாக அனுப்பியதற்குப் பகல் முழுக்க ஒருவரும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் அர்ச்சனாவின் குரல் வந்தது: "மஞ்சத்தூள் வச்சியாக்கா?" அந்த ஒரு வார்த்தையை ராஜாத்தி சோறு வடிக்கும்போது கேட்டாள், சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். இத்தனை வயதில் எவ்வளவு இறால் என்று கேட்டவர்கள் உண்டு, கையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து, முகம் தெரியாத அந்தப் பெண்மேல் அவளுக்கு உயிர்.

அர்ச்சனாவின் கணவன் இளவழகன் ஐப்பசியில் கடலுக்குப் போன படகில் நான்காவது ஆள். படகு வந்தது, மூன்று பேர் வந்தார்கள். தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. உடம்பு கரைக்கு வராதவனுக்காக வீட்டுக்குள் அழக்கூடாது. அழுதால் அவன் செத்துப்போனான் என்று நாமே கடலுக்கு எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். மாமியார் அதைக் கறாராகச் சொன்னாள். "பொட்டு கலையக்கூடாது, பூ வாடக்கூடாது, கண்ணு கலங்கக்கூடாது. என் புள்ள வர்ற வழிய அடச்சிடாத." சொன்னவளும் அழவில்லை. பெற்றவளே கல்லாக உட்கார்ந்திருக்கும்போது மருமகள் எப்படி அழுவாள்? அர்ச்சனா உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீரோடு இருக்கிற மஞ்சள் மூஞ்சியைத் தேடிக் குழுவில் போட்டாள். யாரெல்லாம் அதைத் திறந்து பார்த்தார்களோ அவர்கள் மடியெல்லாம் நனைந்தது.

இரண்டு மாதத்தில் அந்தத் தண்ணீரின் குணம் பிடிபட்டுவிட்டது. ஏரித் தண்ணீரைவிட உப்பு அதிகம், ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்தது போலச் சில்லென்று இருக்கும். வந்த இடத்தைவிட்டுத் தானாக ஓடாது, வாசற்படி தாண்டாது, மொண்டுதான் ஊற்ற வேண்டும். திறந்து பார்ப்பவர்கள் கூடினால் ஆளுக்குக் கொஞ்சம், குறைந்தால் ஆளுக்கு நிறைய. ஒருவரும் திறக்காவிட்டால் மொத்தமும் அர்ச்சனாவின் அறைக்கே திரும்பிப்போகும். ஒரு நாள் ஊரெங்கும் டவர் இல்லாமல் போனபோது அப்படித்தான் ஆனது. கணுக்கால் அளவு ஏறிய தண்ணீரை அவள் சொம்பால் மொண்டு ஜன்னல் வழியாக ஊற்றினாள். குடத்தைக் கவிழ்த்துவிட்டாயா என்று மாமியாரிடம் ஏச்சு வாங்கினாள்.

ஆரம்பத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அரை டம்ளர்தானே, பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள் என்றார்கள். ஆனால் துக்கம் ஆறவில்லை, அடர்ந்தது. மாசியில் ஒரு சொம்பு, சித்திரையில் ஒரு குடம். ஐஸ்வர்யாவின் கடையில் பொட்டு அட்டைகள் பசை விட்டு உரிந்தன. செல்வம்மாள் காயவைத்திருந்த கருவாடு மறுபடி நனைந்து புழு வைத்தது. இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவிலிருந்து விலகிக்கொள்ள, மற்றவர்களின் பங்கு இன்னும் கூடியது. ராஜாத்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நனைவது அவள் பிழைப்பு.

அப்போதுதான் செல்வம்மாள் பாடு முறையைக் கொண்டுவந்தாள். பழவேற்காட்டு ஏரியில் நல்ல இடமெல்லாம் பாடுதான். சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னார் வலை என்று ஊர் பிரித்துக் கொடுத்துவிடும். அடுத்தவன் நாளில், இறால் கண்ணெதிரே துள்ளினாலும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மீறினால் ஊர்க்கட்டு, அபராதம், தலைகுனிவு. இந்த ஒழுங்கினால்தான் அங்கே தலைமுறை தலைமுறையாக வெட்டுக்குத்து இல்லாமல் இருக்கிறது. அதையே இதற்கும் வைத்தார்கள். ஐஸ்வர்யா வளையல் டப்பாவில் சீட்டுப் போட்டு, எல்லோரும் பார்க்க வீடியோவில் குலுக்கி எடுத்தாள். ஆளுக்கு ஒரு நாள். அன்றைக்கு அவள் மட்டும்தான் அர்ச்சனா போடுவதைத் திறக்கலாம். அவள் அண்டாவை வைத்துக்கொண்டு தயாராக இருக்கட்டும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கட்டும்.

டப்பாவில் ராஜாத்தியின் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, பழக்கம். "உங்க ஜனத்துக்கு எந்தக் காலத்துல பாடு இருந்திச்சி? உனக்கு நல்லதுதான ராஜாத்தி, உன் வீடு நனையாது," என்றாள் செல்வம்மாள். ராஜாத்தி சரி என்று சொல்லிவிட்டாள். வீடு நனையவில்லைதான். ஆனால் அர்ச்சனாவின் குரலும் வரவில்லை. பாடு இல்லாதவள் திறக்கக்கூடாதே! குழுவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்தில் எண் ஏறுவதும், அன்றைய பாடு யாருக்கோ அவள் பார்த்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொள்வதுமாக வைகாசியும் ஆனியும் போயின. தன் வீட்டுத் தரை காய்ந்து கிடப்பதை ராஜாத்தி காலால் தடவித் தடவிப் பார்த்தாள். சில நாள் புருஷன் ரங்கனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

ஆவணியில் அர்ச்சனாவின் மாமியார் குறி கேட்கப் போனாள். மகன் உயிரோடு ஏதோ ஒரு கரையில் இருக்கிறான், பௌர்ணமியன்று பகலில் வாசல் மிதிப்பான் என்று குறி வந்தது. பௌர்ணமிக்கு வீட்டை வெள்ளையடித்தார்கள். இளவழகனுக்குப் பிடித்த வவ்வால் மீன் குழம்பு கொதித்தது. அர்ச்சனாவுக்குக் கல்யாணப் புடவை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, வாசலைப் பார்க்க நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், காத்திருந்தார்கள், பசித்ததும் சாப்பிட்டார்கள், கை கழுவிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்கள். அவன் வரவில்லை. அவன் வரமாட்டான் என்பது படகு வந்த அன்றைக்கே அர்ச்சனாவுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு, பூவும் புடவையுமாக, பகல் முழுக்க வாசலைப் பார்த்துச் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பது சாவைவிடக் கொடுமை. மதியம் சாய்ந்ததும் அவள் உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்றைய பாடு செல்வம்மாளுடையது. அவள் தங்கை மகளின் வளைகாப்புக்குப் போனவள், போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டாள். அர்ச்சனா போட்டது வந்துகொண்டே இருந்தது. வட்டத்தில் எண் ஏறுவதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. இன்றைக்குச் செல்வம்மாள் பாடு, அடுத்தவள் பாடு நாளில் கை வைப்பது முறையல்ல. நல்ல மனசுக்காரியான ஐஸ்வர்யாகூட, பார்த்தால் கை துறுதுறுக்கும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாடிக்கையாளருக்கு வளையல் அளவு பார்த்தாள். அவர்கள் செய்த தப்பு அதுதான். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, ஒழுங்காக இருந்தார்கள், அவ்வளவுதான்.

ராஜாத்தி ஏரியிலிருந்து திரும்பி, பறியை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் பத்துக்கு மேல் ஏறாதது, இன்று படிக்கத் தெரியாத அளவுக்குப் போயிருந்தது. விரலைக் கொண்டுபோனபோது ரங்கன் தடுத்தான்.

"தே, அது அவுங்க பாடு. நமக்கு இன்னாத்துக்கு? நாளைக்கு ஊரைக் கூட்டுவாங்க."

"நமக்குத்தான் பாடே இல்லன்னாங்களே. இல்லாதத நான் எங்கேருந்து மீறப்போறன்?" என்றாள் ராஜாத்தி. வலைக்காரர்களுக்குத்தான் நாள், இடம், வரிசை எல்லாம். கையால் துழாவுகிறவர்கள் எங்கே கால் எட்டுகிறதோ அங்கே இறங்குவார்கள், யாரையும் கேட்டதில்லை. அவள் திறந்தாள்.

"யாருனா கீறீங்களா? இடுப்பு வரிக்கும் வந்துச்சி." அடுத்தது: "கதவு ஊறிப்போச்சி, தொறக்க வரல. கூப்டா அத்த வந்துடும், அழுதன்னு தெரிஞ்சிடும்." அடுத்தது: "கழுத்துக்கு வந்துடுச்சி. போவட்டும்க்கா. எனக்கும் வேணாம். அவரு கீற எடத்துக்கே போறன்." எந்த அக்காவை அவள் கூப்பிட்டாள் என்று சொல்லவில்லை. ராஜாத்திக்குத் தெரிந்தது.

போனிலிருந்து தண்ணீர் மதகு திறந்தது போல வந்தது. ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டால்தான் அங்கிருக்கிற தண்ணீர் இங்கே வரும், பாதியில் நிறுத்தினால் நின்றுவிடும். அதனால் அவள் ஒன்றையும் தாண்டிப் போகவில்லை. வெறும் மூச்சு இருந்ததையும் கேட்டாள், ஒன்றுமே பேசாமல் அனுப்பியதையும் கேட்டாள். ரங்கன் திட்டிக்கொண்டே அரிசிப் பானையையும் கோழியையும் வெளியே கொண்டுபோனான். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு வாசலில் நின்றான். தண்ணீர் அவள் முட்டியைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது, மார்புக்கு வந்தது. குளிரில் பல் கிட்டியது. "நான் கீறன் அர்ச்சனா. சொல்லு. இங்க எனக்கு மாரளவுதான் கீது, இது எனக்கு ஒரு தண்ணியே இல்ல. மிச்சத்தையும் சொல்லு," என்று பேசி அனுப்பினாள். பொய்தான். அப்போது கழுத்துக்கு வந்திருந்தது. பயத்தில் அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒருமுறை ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள்: "தொறங்கடி எல்லாரும்! அந்தப் பொண்ணு தண்ணியில முழுவுது!" கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தி எடுத்த ஐஸ்வர்யா அதைக் கேட்டாள், திறந்தாள். ஒருத்தி திறந்ததும் மற்றவர்களும் திறந்தார்கள். ஏரியைச் சுற்றி ஊர் ஊராகப் பெண்கள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நின்றார்கள்.

கோட்டைக்குப்பத்தில் உள்ளறைக் கதவு தானாகத் திறந்தது. மாமியார் வந்து பார்த்தாள். மருமகள் தரையில் கிடந்தாள், மூச்சு இருந்தது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரக்கோடு, கோட்டில் மல்லிகைப்பூ ஒட்டியிருந்தது. கிழவி சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு மருமகள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா?"

"படகு வந்த அன்னிலேருந்துதான் அத்தே."

மாமியாருக்குத் திட்டத்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வாய் வேறொன்று சொன்னது. "எனக்கு எங்க ஊத்தறதுன்னு தெரியலடி. என்னையும் அதுல சேத்து வுடு."

மறுநாள் ஐஸ்வர்யா அவளையும் சேர்த்தாள். விலகிப்போன இரண்டு பேரும் கேட்காமலே திரும்பி வந்தார்கள். பாடு முறையை எடுத்துவிட்டார்கள், செல்வம்மாளே எடுக்கச் சொன்னாள். மாமியாருக்கு மஞ்சள் மூஞ்சிகளில் எது தன்னுடையது என்று புரியவில்லை. அர்ச்சனா பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள, கிழவி போனுக்குள் வாயை வைத்து ஒரே ஒரு தடவை "நைனா" என்று மகனைக் கூப்பிட்டாள். எல்லோரும் திறந்தும், எல்லோர் வீட்டிலும் முழங்கால் அளவு நின்றது. அதை மொண்டு ஊற்ற ஒரு வாரம் ஆனது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மற்ற வீடுகளெல்லாம் காய்ந்தன. ராஜாத்தியின் வீட்டில் பௌர்ணமியன்று வந்தது மட்டும் போகவே இல்லை. எவ்வளவு இறைத்தாலும் மார்பளவு அப்படியே நின்றது. ரங்கன் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டான், சமையலும் படுக்கையும் அங்கே. அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக்குள் இறால் கண்டது. ஏரியில் இறங்க முடியாத காற்று நாட்களில் அந்த ஊர்ப் பெண்கள் பறியைக் கடித்துக்கொண்டு ராஜாத்தி வீட்டில் இறங்கித் துழாவினார்கள். அவள் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. காலையில் அவள் போனைக் காதில் வைத்திருக்கும்போது மட்டும் தண்ணீரை அலம்பாமல் நிற்கச் சொல்வாள், அவர்களும் நிற்பார்கள்.