இறக்காத முடி

இசைவாணிக்கு ஏழு வயது. இன்னும் தலையில் கத்தி படவில்லை. இடுப்பைத் தாண்டித் தொங்கும் அந்த முடியைச் சிக்கெடுத்தே, கோரிப்பாளையத்து வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாகஜோதிக்குக் கை ஓய்ந்துபோகும்.

"பேன் கடிக்குதும்மா. பாப் கட் வெட்டி விடேன்" என்று பிள்ளை அழும்.

"மொத முடிய அப்பன் குலசாமிக்குத்தான் எறக்கணும். பொறுத்துக்க."

அந்த அப்பன் யார் என்பதுதான் பேரையூர்ப் பக்கத்தில் அவள் பிறந்த ஊருக்குத் தெரியாத சங்கதி. கல்யாணமாகாமல் வயிறு தள்ளியவளைக் கூட்டத்தில் நிறுத்திப் பேரைக் கேட்டார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்டவன் பாண்டியராஜன். "பேரச் சொல்லாதவளுக்கு ஊருக்குள்ள என்ன வேல?" என்றான். அவன் கேட்டது அவனுடைய பேரைத்தான்! முந்தின வாரம் கம்மாய்க்கரையில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிராத ஜோதி, எங்கய்யா செத்துப்போவாரு" என்று அழுத அதே ஆள். அந்த அழுகைக்கு இரங்கித்தான் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவன் கேட்ட கேள்வியில் இரக்கம் செத்துப்போனது. இனி சொன்னாலும் எவன் நம்புவான்? ஒரு நாள் அவன் வாயாலேயே ஊர் கேட்கட்டும் என்று கருவிக்கொண்டு பஸ் ஏறினாள். கப்பலூரில் பிளாஸ்டிக் குடக் கம்பெனியில் கால் கடுக்க நின்ற இத்தனை வருஷத்தில் அந்த வன்மம் ஆறவில்லை. அவள் ஆற விடவும் இல்லை.

போன வருஷம் பாண்டியராஜனின் அய்யா செத்தார். அவர்கள் குலசாமி கருப்பசாமிக்குச் சாமியாடும் பாத்தியம் பரம்பரைப்படி மகனுக்கு வந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று நாகஜோதி பாயசம் வைத்தாள்.

சாமி இறங்கி நிற்கும்போது யாரும் குறி கேட்கலாம். ஊர் தள்ளிவைத்தவளைக்கூட விரட்டக் கூடாது. சாமி வந்த வாய் பொய் சொன்னால் ரத்தம் கக்கிச் சாகும் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. பாண்டியராஜனுக்கும் இல்லை. அவன் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது அவளுக்குத் தெரியாதா?

சிவராத்திரிக்கு மறுநாள் உச்சிப்பொழுதில், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் பொட்டலில் போய் நின்றாள்.

"வந்துட்டா பாரு, வெக்கங்கெட்டவ" என்றாள் பக்கத்தில் நின்ற மாயக்காள்.

அருவாளோடு ஆடி வந்தான் பாண்டியராஜன். பிள்ளை வரம் கேட்டு முந்தானையை ஏந்தி நின்றாள் அவன் பெண்டாட்டி சுபலட்சுமி. அவளைப் பார்த்ததும் நாகஜோதிக்கு நெஞ்சு இளகியது. ஒரு நிமிஷம்தான். பிறகு முன்னால் போனாள்.

"சாமி, எம்மக மொத முடிய எந்தக் கோயில்ல எறக்கணும்? நீயே சொல்லு."

குறி சொல்வதற்காக உறுமிமேளம் நின்றது. அவன் பிள்ளையைப் பார்த்தான். சாமியாடி உடம்பு நடுங்கத்தான் செய்யும். ஆனால் இது வேறு நடுக்கம் என்று கூட்டத்துக்கே தெரிந்தது.

"சொல்லு சாமி. பேரச் சொல்லாதவனுக்கு ஊருக்குள்ள என்ன வேல?"

அருவாள் கையிலிருந்து நழுவியது. "இங்கதான்" என்றான். "இந்தக் கோயில்லதான். எம்புள்ள..."

சுபலட்சுமி முந்தானையை விட்டுவிட்டாள். பெரியவர் நல்லகாமன்தான் முன்னால் வந்தார்.

"அப்ப நம்ம பங்காளி புள்ள. கத்தியக் கொண்டாங்கப்பா, முடிய எறக்கிருவோம்."

"எந்த எடம்னுதான் கேட்டேன். எறக்குறேன்னு எப்பச் சொன்னேன்?" என்றாள் நாகஜோதி.

"ஜோதி, எம்புள்ளைய ஒரு தடவ..." என்று பாண்டியராஜன் கையை நீட்டினான்.

"யாரு புள்ள? அன்னைக்குப் பேருதான கேட்டீக? அத வச்சுக்கங்க."

சாயங்காலம் கோரிப்பாளையத்து பார்லரில் இசைவாணி பாப் கட்டோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். பார்லர்காரப் பெண் கீழே விழுந்த முடியை விளக்குமாற்றால் ஒதுக்கிக்கொண்டே, "இம்புட்டு முடி! என்னக்கா செய்ய?" என்று கேட்டாள்.

"குப்பைல போடும்மா."

பாண்டியராஜன் ஊர் கூடி நிற்க ஒத்துக்கொண்ட முடி அது. அவன் சாமிக்குச் சேர வேண்டிய முடி. அது கூடையில் விழும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நாகஜோதி வெளியே வந்தாள்.