ஆண்டியப்பனின் கால் படம்

போன வருடம் பழம் பறிக்கப் பாலை மரத்தில் ஏறி ஆண்டியப்பன் காலை முறித்துக்கொண்டான். எலும்பு எப்போதோ ஒட்டிவிட்டது. பெருமைதான் இன்னும் இறங்கவில்லை. யார் வந்தாலும் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கதையைத் தொடங்கிவிடுவான். கேட்டுக் கேட்டு மனைவி வீரம்மாவுக்குக் காது புளித்துவிட்டது.

இப்போது அவளுக்கே அதில் ஒரு படம் அவசரமாக வேண்டியிருந்தது.

முள்ளியவளையில் அவர்களுடைய மாதர் சங்கத்துக்கு கூட்டங்களில் உட்கார நாற்பது இரும்புக் கதிரைகள் இருந்தன. போன வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுத்ததில் ஒன்பது திரும்பவில்லை. எல்லாச் சங்கத்துக் கதிரையும் ஒரே சிவப்பு. எது யாருடையதென்று அம்மாளுக்குத்தான் வெளிச்சம். இந்த வருடம் புதுச் செயலாளரான வீரம்மா கூட்டத்தில் வாயை விட்டுவிட்டாள்.

"ஒரு கதிரை குறைஞ்சாலும் நான் பதவியை விட்டிடுவன்!"

சொன்ன பிறகுதான் யோசித்தாள். மலைநாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணை அந்த ஊர், நிர்வாகிகளின் மேசைக்கருகில் இருத்தியது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தை விட அவளுக்கு மனமில்லை.

ஆண்டியப்பன் குளிக்கப் போன நேரம் பார்த்து, கதிரைகளில் சங்கத்தின் பெயரை அடிக்க ஒரு படத்தை எடுத்தாள். 'மாதர் சங்கம்' என்று பென்சிலால் எழுதி, பிளேட்டால் வெட்டினாள். கதிரையில் வைத்துப் பெயின்ற் ஒற்ற வேண்டியதுதான் பாக்கி. தூக்கிப் பார்த்தபோது 'மா'வின் நடு கழன்று மடியில் விழுந்தது. 'த'வின் வட்டமும் பின்னாலேயே விழுந்தது. மிஞ்சியது வெறும் ஓட்டைகள்.

குளித்துவிட்டுத் துவாயால் தலையைத் துடைத்தபடி வந்தவன் அப்படியே நின்றான்.

"என்ர காலைக் கேக்காமல் வெட்டினனியோ?"

"பிழைதான். கோவியாதேங்கோ."

அவன் அரிசி மூட்டையில் போய்க் குந்தினான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் மூட்டையைப் பார்த்தாள். அதில் அச்சடித்த எழுத்தெல்லாம் அங்கங்கே அறுந்து அறுந்து இருந்தது. பெயின்ற் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இல்லை! அந்த இடைவெளியெல்லாம் வெட்டாமல் விட்ட துண்டுகள். அவைதான் நடுப்பகுதியை விழாமல் பிடித்து வைத்திருக்கின்றன.

"இஞ்சேருங்கோ... மற்றப் படத்தையும் தருவீங்களோ?"

அவன் எழுந்து போய் மற்றப் படத்தை எடுத்து வந்து நீட்டினான்.

"முறிஞ்ச இடத்தில மட்டும் பிளேட்டை வையாத."

முறிவுக்கு மேலே மிஞ்சிய இடத்தில், ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு துண்டு விட்டு வெட்டினாள். ஒன்றும் விழவில்லை. முப்பத்தொரு கதிரைகளின் முதுகிலும் வெள்ளை எழுத்து, அரிசி மூட்டையில் இருந்தது போலவே விறைப்பாக ஏறியது.

பொங்கல் முடிந்து, பந்தலுக்குப் போன முப்பத்தொன்றும் வந்து சேர்ந்தன. வீரம்மாவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் சங்கத் தலைவி அமராவதி வீட்டுக்கு வந்தார். ஆண்டியப்பன் வழக்கம்போலப் படத்தை எடுத்து யன்னலில் பிடித்தான். எழுத்துகளுக்குள்ளால் வெயில் புகுந்து நிலத்தில் விழுந்தது. பாலை மரக் கதை வரப்போகிறதென்று வீரம்மா தேநீர் போடக் குசினிக்குள் போகத் திரும்பினாள்.

"கால் கிடக்கட்டும், அக்கா," என்றான் அவன். "இந்த எழுத்தைப் பாருங்கோ. எங்கட செயலாளர் வெட்டினது."