வால்வு டிவியின் கீச்சொலி

சத்தம் வருகிறது, திரை மட்டும் கும்மிருட்டு என்று தையல்கார அக்கா தன் அப்பா காலத்து வால்வு டிவியை எங்கள் ரிப்பேர் கடையில் இறக்கிவிட்டுப் போனார். அண்ணன் பின்மூடியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். மீட்டரைத் தொடுவதற்கு முன்னால் காதைத்தான் நீட்டுவார். ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் வேலை செய்தால் மெல்லிய கீச்சொலி ஒன்று வரும். வராவிட்டால் அது செத்துவிட்டது என்று அர்த்தம்.

"விசில் இல்ல. டிரான்ஸ்பார்மர் காலி."

எனக்குக் கேட்டது. காதைக் குத்தியது.

"நல்லா கேளுண்ணா."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

வீம்புக்குப் பிறந்தவர். பழைய சாமான் கடைகளில் அலைந்து இன்னொன்றைப் பிடித்துவந்து மாற்றினார். அதுவும் கீச்சிட்டது. "இதுவும் செத்ததுதான், ஏமாத்திட்டான் படுபாவி" என்று விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தச் சத்தம் அண்ணன் காதுக்கு எட்டவே இல்லை.

அண்ணி இறந்தது கடைக்குப் பின்னாலுள்ள சமையலறையில். அன்று நான் வெளியே போயிருந்தேன். அண்ணன் இங்கே ஒரு டிவிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னார்: "வலிச்சிருந்தா கூப்பிட்டிருப்பா. எனக்குக் கேக்காம போகுமா? நிம்மதியா போயிட்டா." அந்த ஒரு நினைப்பில்தான் மனுஷன் சாப்பிடுகிறார், தூங்குகிறார். காது மந்தமானதைச் சொல்லி அதைப் பிடுங்க எனக்கு மனசு வருமா?

அவர் வெளியே போன நேரம் பார்த்து நானே உட்கார்ந்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை, டிரான்ஸ்பார்மரின் மின்சாரத்தைத் திரைக்கு அனுப்பும் கண்ணாடி வால்வின் தலைக்கு அருகே கொண்டுபோனேன். நீலப் பொறி பறந்தது. வால்வைத் தாண்டி, பிக்சர் டியூப் பக்கம் பொறியே இல்லை. டிரான்ஸ்பார்மர் இரண்டுமே நல்லவை, வால்வுதான் அவிந்திருந்தது. செட்டை அணைத்து, டியூபில் தேங்கிய மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிட்டு, வேறு வால்வைச் செருகினேன். திரை வெளிச்சமானது.

"வால்வும் போயிருந்துச்சுண்ணா, மாத்திட்டேன்," என்றேன், அவர் திரும்பியதும்.

"விசில்?"

"இந்த மாடல்ல வராது போல. எனக்கும் கேக்கல."

தலையாட்டினார். பிழைத்தோம் என்று இருந்தது. சாயங்காலம் தையல்கார அக்கா வந்து, படத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்க அப்பா டிவியேதான். அதே கீச்சு! சின்ன வயசுலேயே இந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவசர அவசரமாகப் பின்மூடியின் ஸ்க்ரூக்களைத் தேடினேன். எனக்கு அந்த அக்கா மேல் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அக்கா டிவியோடு கிளம்பினார். அண்ணன் சமையலறை வாசலுக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அவ கூப்பிட்டிருப்பாளா?"

"இல்லண்ணா," என்றேன். பக்கத்தில் நின்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.